நியூயார்க் நுழைவுச்சீட்டு மறுவிற்பனைச் சட்டங்கள்: நடைபாதை முதல் இணையச் சந்தை வரை

முன்னுரை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிப்ட் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் 6 நாள் பாடினார். நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்த பின்னர் அவற்றுக்கு மறுவிற்பனைத் தளங்களில் கூறப்பட்ட விலை பலரையும் திகைக்க வைத்தது. 'இதைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றினால் ஆகாதா?' என்னும் வினா ஆசிரியர் அறைகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் எழுந்ததை நாம் அறிவோம். வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. இதே வினாவை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு, சட்டமாக இயற்றி, நீதிமன்றத்தில் இழந்து, மீண்டும் இயற்றி, பின்னர்த் தானே நீக்கிக்கொண்ட ஓர் இடம் உண்டு. அது நியூயார்க் மாநிலம். அங்கு நடந்தவற்றைக் கால வரிசையில் நோக்குவது நமக்குப் பயன் தரும்.

தமிழ் வழக்கில் இச்செயலுக்குத் திரையரங்குகளே பெயர் தந்தன. 'பிளாக்கில் டிக்கெட் வாங்கினேன்' என்று சொல்லும்போது குற்றவாளி யார் என்பது சொல்லிலேயே முடிவாகிவிடுகின்றது. அரங்க வாயிலில் கசங்கிய சீட்டுக் கற்றையுடன் நிற்பவனே அவன். அவன் கைக்கு அக்கற்றை எவ்வாறு வந்தது என்று அச்சொல் கேட்பதில்லை. நியூயார்க் சட்டங்களும் நெடுங்காலம் அவ்வாறே கேட்காமல் இருந்தன. சட்டம் சீட்டைக் கடைசியாகக் கையில் வைத்திருப்பவனைத் துரத்தியது. அதே அரசு நடத்திய விசாரணைகளோ சீட்டு முதலில் யார் கையிலிருந்து நழுவியது என்பதையே மீண்டும் மீண்டும் சுட்டின. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

ஏலமும் நடைபாதையும்

1850ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் நியூயார்க்கின் காசில் கார்டன் அரங்கில் பாட வந்தார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பி.டி. பார்னம் முதல் நிகழ்ச்சிக்கான சீட்டுகளை ஏலத்தில் விட்டார். முதற் சீட்டை ஜெனின் என்னும் தொப்பி வணிகர் 225 டாலருக்கு எடுத்தார். அவருக்கு அது பாட்டுக்கான விலை மட்டுமன்று. கடைக்கான விளம்பரமும் ஆகும். மக்கள் எவ்வளவு தரத் துணிவார்களோ அவ்வளவையும் முதல் விற்பனையாளரே வாங்கிக்கொண்டால், இடையில் நிற்கும் தரகனுக்கு மிச்சம் குறைவு. பார்னம் அறநூல் ஆசிரியர் அல்லர். ஆயினும் மறுவிற்பனையின் பொருளாதாரத்தை அவர் நன்கறிந்திருந்தார்.

சார்லஸ் டிக்கன்ஸ் வேறு வழியைக் கையாண்டார். 1867ஆம் ஆண்டு டிசம்பரில் தம் படைப்புகளை மேடையில் வாசிக்க நியூயார்க் வந்தபோது, சீட்டின் விலை 2 டாலர் என்று நிலையாக வைக்கப்பட்டது. விளைவு, பனிக்குளிரில் இரவு முழுதும் நீண்ட வரிசைகள். ஊக வணிகர்கள் கூலிக்கு ஆள் அமர்த்தி வரிசையில் நிறுத்தினர். அவருடைய மேலாளர் ஜார்ஜ் டால்பி பல கட்டுப்பாடுகளை விதித்துப் பார்த்தும் அவர்களை வெல்ல இயலவில்லை. செய்தித்தாள்களோ டால்பியே அவ்வணிகர்களுடன் கூட்டுச் சேர்ந்தவர் என்று பழித்தன. அப்பழிக்கு ஆதாரம் இல்லை. எனினும் நியாயமான விலை, நீண்ட வரிசை, கூலியாள், உள்ளாள் மீது ஐயம் என்னும் நான்கும் ஒருங்கே தோன்றிவிட்டன. கூலியாளின் இடத்தைப் பின்னர் மென்பொருள் பிடித்துக்கொண்டது என்பதே வேறுபாடு.

இக்காலத்தில் சட்டம் கேட்ட கேள்வி விலையைப் பற்றியது அன்று. சீட்டு என்பது யாது என்பதே அக்கேள்வி. இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டு உட் எதிர் லெட்பிட்டர் வழக்கில், டான்காஸ்டர் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒருவரை வெளியேற்றியது செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. சீட்டு சொத்து அன்று. உள்ளே நுழையத் தரப்படும் இசைவு மட்டுமே. தந்தவர் அதனைத் திரும்பப் பெறலாம். நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1905ஆம் ஆண்டு கொலிஸ்டர் எதிர் ஹேமன் வழக்கில் இக்கருத்தைச் சீட்டு வணிகருக்கு எதிராகப் பயன்படுத்தியது. வழக்குத் தொடுத்தவர் நகராட்சியின் உரிமம் பெற்ற நடைபாதைச் சீட்டு வணிகர். நடைபாதையில் வாங்கிய சீட்டு ஏற்கப்படாது என்று நிக்கர்பாக்கர் நாடக அரங்கு அறிவித்திருந்தது. அத்தகைய நிபந்தனையை விதிக்க அரங்குக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

அடுத்த ஆண்டே, 1906இல், கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் குவார்க் வழக்கில் எதிர்த் திசையில் சென்றது. வாங்கிய விலைக்கு மேல் சீட்டை விற்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை அது தள்ளுபடி செய்தது. ஒருவர் வாங்கிய பொருளை விற்பது அவருடைய சொத்துரிமையின் பகுதி என்பது அதன் நோக்கு. சீட்டு இசைவா, சொத்தா? ஈராண்டில் இரு மாநிலங்கள் தந்த இரு விடைகளும் இன்றளவும் ஒன்றையொன்று வெல்லவில்லை. இணையத்தில் வாங்கிய சீட்டைப் பிறர் பெயருக்கு மாற்ற முடியாமல் தவிக்கும் ஒருவர் 1905ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழலில் நிற்கின்றார்.

ஐம்பது காசுச் சட்டம்

1922ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் விலைக்கு நேரடியாக எல்லை கட்டியது. நாடக அரங்குகள் முதலியவற்றின் நுழைவுக் கட்டணம் பொதுநலன் சார்ந்தது என்று அச்சட்டம் அறிவித்தது. சீட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் 50 காசுக்கு அதிகமாக வைத்து எவரும் மறுவிற்பனை செய்யலாகாது என்றும், தரகர்கள் உரிமம் பெறவேண்டும் என்றும் விதித்தது.

உரிமப் பகுதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925ஆம் ஆண்டு வெல்லர் வழக்கில் ஏற்றுக்கொண்டது. விலைப் பகுதி 1927ஆம் ஆண்டு பிப்ரவரியில் விழுந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் சீட்டுகளை விற்றுவந்த டைசன் நிறுவனம், நியூயார்க்கின் மாவட்ட அரசு வழக்குரைஞர் பேன்டனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நீதிபதிகள் பிரிந்தனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய சதர்லண்டின் வாதம் பின்வருமாறு அமைந்தது. அரசு ஒரு தொழிலின் விலையைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின், அத்தொழில் 'பொதுநலன் தோய்ந்ததாக' இருத்தல் வேண்டும். இத்தொடர் 1877ஆம் ஆண்டு தானியக் கிடங்குகள் பற்றிய மன் எதிர் இல்லினாய் வழக்கால் அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றியது. நாடக அரங்கு தனியார் தொழில். அதன் விலையை அரசு தொடலாகாது. எனவே மறுவிற்பனை விலையையும் தொடலாகாது. இதற்கு இடங்கொடுத்தால் நாளை விளையாட்டு, வட்டரங்கு, காட்சிகள் என அரசு எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் என்று அவர் அஞ்சினார். அப்பட்டியலில் நுழைவுக் கட்டணத்தை நம்பி வாழும் விரிவுரையாளரையும் அவர் சேர்த்திருந்தார் என்பது நம்மைப் போன்றோர்க்குச் சிறு புன்முறுவலைத் தரலாம்.

மறுப்புத் தீர்ப்பு எழுதியவர்களுள் ஹோம்ஸ் குறிப்பிடத்தக்கவர். 'பொதுநலன் தோய்ந்தது' என்னும் அளவுகோலே ஒரு புனைவு என்றார் அவர். வெளிப்படையான தடை இல்லாதவரை மக்கள் பேராளர்கள் விரும்பும் சட்டத்தை இயற்றலாம். கலையும் பொழுதுபோக்கும் பலருக்கு இன்றியமையாதவை. 1913ஆம் ஆண்டு மரோன் வழக்கில், குதிரைப் பந்தயச் சீட்டு வாங்கியவர்க்குத் திடலின் மீது சொத்துரிமை எதுவும் கிட்டுவதில்லை என்று எழுதியவரும் இதே ஹோம்ஸ்தான். இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு அவர் நிலைப்பாடு விளங்கும். சீட்டு என்பது உரிமையின் பொருளன்று, ஒழுங்குமுறையின் பொருள்.

நம் நோக்கில் இத்தீர்ப்பில் முதன்மையானது வேறொன்று. தரகர்கள் நல்ல இருக்கைகளை முன்கூட்டியே கைப்பற்றுவதால் பொதுமக்களுக்குப் போட்டிச் சந்தையே இல்லாமற் போகின்றது என மறுப்புத் தரப்பில் ஸ்டோன் விளக்கினார். பெரும்பான்மைத் தரப்போ, அரங்க மேலாளரும் தரகரும் கூட்டுச் சேர்வது தீங்காயின் அத்தீங்கைத் தடுக்கச் சட்டம் இயற்றலாம், விலையை வரையறுப்பது அதற்கு வழியன்று என்றது. ஆக, எதிரெதிராக நின்ற இரு தரப்பினரும் நடைபாதையைத் தாண்டி அரங்கின் உட்புறத்தைப் பார்த்திருந்தனர். வழக்கின் முடிவு மட்டுமே பேசப்பட்டது. அவர்கள் பார்த்தது மறக்கப்பட்டது.

டைசன் தீர்ப்பின் அடித்தளம் விரைவில் கரைந்தது. பொருளாதார மந்தக் காலத்தில், ராச்செஸ்டர் நகர மளிகைக்காரர் லியோ நெபியா, பால் குவார்ட் 9 காசுக்குக் குறையாமல் விற்கப்பட வேண்டும் என்னும் ஆணையை மீறி, 2 குவார்ட் பாலையும் 5 காசு ரொட்டி ஒன்றையும் சேர்த்து 18 காசுக்கு விற்றார். அவருக்கு எதிரான தீர்ப்பை 1934ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 'பொதுநலன் தோய்ந்த' தொழில் என்னும் தனி வகை ஏதுமில்லை என்றும் கூறியது. பால் விலை பற்றிய தீர்ப்பு நாடகச் சீட்டு பற்றிய தீர்ப்பைச் செல்லாததாக்கிய கதை இது. நியூயார்க் மீண்டும் உச்சவரம்பு விதித்தது. கோல்டு எதிர் டிகார்லோ வழக்கில் அவ்வரம்பு செல்லும் என 1964ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அரசுக்கு அதிகாரம் உண்டா என்னும் ஐயம் அத்துடன் தீர்ந்தது.

'ஐஸ்'

அதிகாரம் கிடைத்த அதே ஆண்டுகளில்தான் அந்த அதிகாரம் தவறான கதவை நோக்கி நிற்கின்றது என்பதும் வெளிப்பட்டது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் நியூயார்க் மாநிலச் சட்டத்துறைத் தலைவர் லூயி லெப்கோவிட்ஸ் பிராட்வே நாடகத் தொழிலை விசாரித்தார். அத்தொழிலில் 'ஐஸ்' என்று வழங்கப்பட்ட ஒரு கமுக்கப் பணம் அவ்விசாரணையில் முதன்மை இடம் பெற்றது.

அதன் இயக்கத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். வெற்றி பெற்ற நாடகத்தின் சீட்டு விலை அச்சிடப்பட்டு நிலையாக இருக்கின்றது. மக்கள் தரத் துணியும் தொகையோ அதனினும் மிகுதி. சீட்டு முகப்பில் பணிபுரிபவர் ஒரு கற்றை நல்ல இருக்கைகளை ஒதுக்கித் தரகரிடம் தருகின்றார். கணக்கேட்டில் அச்சிட்ட விலை ஏறுகின்றது. அதற்கு மேற்பட்ட தொகை உறையில் வருகின்றது. அந்த உறைப் பணமே 'ஐஸ்'. கணக்கில் வராத அப்பணத்தில் நாடகத்துக்கு முதல் போட்டவருக்குப் பங்கில்லை. வசூலில் விழுக்காட்டு அடிப்படையில் ஊதியம் பெறும் நாடகாசிரியருக்கும் பங்கில்லை. வரித்துறைக்கும் இல்லை. தரகர் வெளியே வந்து வரம்பு மீறி விற்கும்போது, அவர் கேட்கும் விலையில் உள்ளே கொடுத்த கையூட்டும் அடங்கியிருக்கின்றது.

இங்குதான் விலை உச்சவரம்பின் முரண் புலனாகின்றது. வரம்பை மதிக்கும் தரகர் கையூட்டுக் கொடுக்க இயலாது; அவருக்கு நல்ல சீட்டு கிடைப்பதில்லை. கையூட்டுக் கொடுப்பவர் வரம்பை மீறியே ஆகவேண்டும். சட்டம் தன்னை மதிப்பவரைத் தொழிலிலிருந்து விலக்கி, மதியாதவரை வளர்த்தது எனலாம். வரம்பு இல்லாதிருந்தால் கையூட்டு ஒழிந்திருக்கும் என்று நாம் கருதவில்லை. உட்கதவைப் பூட்டாமல் வெளிக்கதவை மட்டும் பூட்டியதே பிழை.

ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின்னர், 1999ஆம் ஆண்டு, அதே பதவியில் இருந்த எலியட் ஸ்பிட்சர் மற்றோர் அறிக்கையை வெளியிட்டார். 'எனக்கு ஏன் சீட்டு கிடைப்பதில்லை?' என்னும் பொருளுடையது அதன் தலைப்பு. 'ஐஸ்' இன்னும் உருகவில்லை என்பதே அவர் கண்டது. வரம்பு ஏட்டில் இருந்தது. கையூட்டும் பொதுமக்களுக்கு எட்டாத ஒதுக்கீடுகளும் தொடர்ந்தன.

இணையச் சந்தை

2000ஆம் ஆண்டு ஸ்டப்ஹப் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஈபே நிறுவனம் அதனை ஏறத்தாழ 31 கோடி டாலருக்கு வாங்கியது. நடைபாதையில் நிற்பவன் சீட்டை வாங்கி வைத்திருந்து விற்பவன், நட்டமும் அவனுடையது. இணையச் சந்தையோ சீட்டைத் தன் கையில் வைத்திருப்பதில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்துக் கட்டணம் பெறுகின்றது. விலை உயர உயரக் கட்டணமும் உயர்கின்றது. ஆனால் விலையை வைத்தவர் வேறொருவர். 1922ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியவர்கள் இத்தகைய ஒருவரைக் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை.

வரம்பை மீறிய விற்பனைக்குச் சந்தை பொறுப்பாகுமா? வட கரோலினாவில் அச்சிட்ட விலைக்கு மேல் 3 டாலருக்கு மிகுதியாக விற்கலாகாது என்றொரு சட்டம் இருந்தது. 2007ஆம் ஆண்டு மைலி சைரஸ் இசைநிகழ்ச்சிக்கு ஸ்டப்ஹப் வழியாக மிகுந்த விலை கொடுத்தவர் தொடுத்த வழக்கில், 2012ஆம் ஆண்டு அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிறர் வெளியிடும் தகவலுக்கு இணையத் தளம் பொறுப்பாகாது என்று கூறும் 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவே அதற்கு அரணாயிற்று. பேச்சுரிமையைக் காக்க இயற்றப்பட்ட விதி விலைப்பட்டியலையும் காத்தது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் ஒன்று 2009ஆம் ஆண்டு அவ்வரணைத் தர மறுத்திருந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் காற்பந்துக் குழு தொடுத்த அவ்வழக்கில், சீட்டுகளை விற்றோர், வாங்கியோர் ஆகிய ஏறத்தாழ 13,000 பேரின் பெயர்களை ஸ்டப்ஹப் குழுவிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நடைபாதையில் பெயர்ப் பதிவேடு இல்லை. இணையச் சந்தையில் எல்லாம் பதிவாகின்றது. சட்டம் விரும்பினால் சீட்டு சென்ற வழியை முதலிலிருந்து முடிவு வரை காண இயலும் என்பதற்கு அவ்வழக்கே சான்று.

ஆனால் நியூயார்க் அவ்வழியை விரும்பவில்லை. 2007ஆம் ஆண்டு, விலை உச்சவரம்பை நீக்கும் சட்டத்தில் மாநில ஆளுநர் கையொப்பமிட்டார். அந்த ஆளுநர் எலியட் ஸ்பிட்சர். 'ஐஸ்' பற்றி அறிக்கை எழுதியவரே வரம்பை நீக்கினார் என்பதை இரட்டை வேடமென்று கூறுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. வரம்பு செயற்படவில்லை என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அன்று எவருமிலர். எனினும், செயற்படாத ஒன்றை நீக்கியவர்கள் அதன் இடத்தில் உட்கதவுக்குரிய பூட்டை வைக்கவில்லை. 2010ஆம் ஆண்டு மற்றொரு திருத்தம் வந்தது. அரங்குகள் காகிதமில்லாச் சீட்டுகளை விற்குமாயின், பிறருக்கு மாற்றத்தக்க சீட்டை வாங்கும் வாய்ப்பையும் தரவேண்டும் என்றாயிற்று. கொலிஸ்டர் வழக்கில் அரங்குக்குக் கிடைத்த அதிகாரத்தைச் சட்டமன்றம் 105 ஆண்டுகளுக்குப் பின் கணிசமாகத் திரும்பப் பெற்றது. வாங்கியவரின் உரிமை என்னும் பெயரில் தரகர்களும் அதனால் நலம் பெற்றனர்.

இதற்கிடையில் முதல் விற்பனைக்கும் மறுவிற்பனைக்கும் இடையிலிருந்த சுவர் மெலிந்தது. டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2008ஆம் ஆண்டு டிக்கெட்ஸ்நவ் என்னும் மறுவிற்பனைத் தளத்தை வாங்கியது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்க வந்தவர்கள் அத்தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டனர். பாடகர் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 2010ஆம் ஆண்டு கூட்டரசு வர்த்தக ஆணையத்துடன் இணக்கம் செய்துகொண்டது.

மென்பொருள் என்னும் கூலியாள்

டிக்கன்ஸ் காலத்துக் கூலியாளுக்குக் குளிரும். மென்பொருளுக்குக் குளிர்வதில்லை. தானியங்கி மென்பொருள்களால் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை வாங்கியதாக வைஸ்கை டிக்கெட்ஸ் நிறுவனத்தினர் மீது 2010ஆம் ஆண்டு நியூஜெர்சியில் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; எவரும் சிறை செல்லவில்லை.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டத்துறைத் தலைவர் எரிக் ஷ்னைடர்மன் மூன்றாம் அறிக்கையை வெளியிட்டார். தூண் மறைக்கும் இருக்கைகளைக் குறிக்கும் அரங்கச் சொல்லே அதன் தலைப்பு. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், மேடிசன் சதுக்க அரங்கில் நடைபெறவிருந்த யூ2 குழுவின் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தரகர் ஒரு நிமிடத்தில் 1,012 சீட்டுகளை வாங்கினார் என்னும் செய்தி அதில் உண்டு. நாளேடுகள் அதனையே பற்றிக்கொண்டன. அதே அறிக்கையில் வேறொரு கணக்கும் உண்டு. மிகப் புகழ்பெற்ற இசைநிகழ்ச்சிகளில் பொது விற்பனைக்கு வந்த சீட்டுகள் சராசரியாக 46 விழுக்காடு மட்டுமே. 38 விழுக்காடு குறிப்பிட்ட கடன் அட்டை வைத்திருப்போர் முதலியோர்க்கான முன்விற்பனைக்கும், 16 விழுக்காடு கலைஞர், அரங்கு, ஏற்பாட்டாளர் முதலிய உள்வட்டத்தினர்க்கும் சென்றன. பாதிக்கும் மேற்பட்ட இருக்கைகள் பொதுக் கதவு திறக்கும் முன்னரே போய்விடுகின்றன என்பது இதன் பொருள். மென்பொருள் கொள்ளையிடுவது எஞ்சிய பாதியைத்தான். காலை 10 மணிக்குக் கணினி முன் அமரும் ஒரு மாணவர் தம் தாமதத்தை நொந்துகொள்கின்றார். அவர் வரிசையில் நின்றதே பாதி அரங்குக்குத்தான் என்பதை எவரும் அவரிடம் சொல்வதில்லை.

சட்டமன்றங்கள் எதனைக் கேட்டன? மென்பொருளைத்தான். அவ்வாண்டு ஹேமில்டன் இசைநாடகம் பிராட்வேயைக் கட்டியாண்டது. அதன் ஆசிரியர் லின்-மானுவல் மிராண்டா மென்பொருள் கொள்ளைக்கு எதிராக நாளேட்டில் எழுதினார். தயாரிப்பாளர்கள் உயர்வகை இருக்கையின் விலையை 475 டாலரிலிருந்து 849 டாலராக உயர்த்தினர். தரகரிடம் போகும் பணத்தைத் தாமே பெறுவது அவர்கள் நோக்கம். பார்னத்தின் ஏலம் வேறு உடையில் திரும்பியது. ஆண்டு இறுதியில் கூட்டரசு அரசாங்கம் இணையச் சீட்டு விற்பனை மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 200 பேருக்கு மேல் கொள்ளும் இடங்களில் நடைபெறும் நிகழ்ச்சிகளுக்கு, விற்பனைத் தளத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டை ஏய்த்துச் சீட்டு வாங்குவதும், அவ்வாறு வாங்கியதை அறிந்தே விற்பதும் தடுக்கப்பட்டன. எவ்விலைக்கு விற்கலாம் என்பது பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. அதன் கீழ் முதல் நடவடிக்கை 2021ஆம் ஆண்டு ஜனவரியில்தான் வந்தது. மூன்று தரகு நிறுவனங்களுக்கு 3 கோடியே 10 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. செலுத்தும் ஆற்றலின்மை கருதி அவர்கள் கட்டியது 37 இலட்சம்.

பிற நாடுகளின் வழி

பிரான்சு 1919ஆம் ஆண்டிலேயே, அரசு மானியம் பெறும் அரங்குகளின் சீட்டுகளை அறிவித்த விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்தது. பொதுப்பணம் சென்ற இடத்தில் விலையும் பொதுவானது என்னும் அத்தெளிவு டைசன் வழக்கின் நீண்ட வாதங்களில் கிட்டவில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்பாட்டாளரின் இசைவின்றி வழக்கமாக மறுவிற்பனை செய்வதை அங்குக் குற்றமாக்கியது. இங்கிலாந்தின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் காற்பந்துச் சீட்டுகளை மட்டும் தொட்டது. 1989ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோ பேரிடரை ஆராய்ந்த டெய்லர் அறிக்கையின் வழிவந்த அதன் கவலை விலையன்று. எதிரணி ஆதரவாளர்கள் ஒரே பகுதியில் கலந்து அமரக்கூடாது என்பதே. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கை எண், அச்சிட்ட விலை, கட்டுப்பாடுகள் ஆகியவற்றை மறுவிற்பனையாளர் தெரிவிக்க வேண்டும் என்றது. அயர்லாந்து 2021ஆம் ஆண்டிலும் ஜப்பான் 2019ஆம் ஆண்டிலும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்தின. 2025ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன் அரசாங்கமும் அவ்வாறே செய்யப்போவதாக அறிவித்தது. சந்தைகளையும் பொறுப்பாக்குவதாகக் கூறியது.

இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நியூயார்க்கின் பழைய வரம்புக்கு இல்லாத ஒரு கருவி இன்றைய வரம்புகளுக்கு உண்டு. சந்தையின் பதிவேடே அது. ஆயினும் அவையும் பெரிதும் கடைசிக் கையையே நோக்குகின்றன. எத்தனை இருக்கைகள் பொது விற்பனைக்கு வருகின்றன என்பதை விற்பனைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்னும் விதி அவற்றைவிடச் சிறியது, செலவு குறைந்தது. அதனை ஏற்பாட்டாளர்கள் விரும்புவதில்லை.

மீண்டும் உட்கதவு

2025ஆம் ஆண்டு மே மாதம் முதல், கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்னும் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவ்வாணையம் 7 மாநிலங்களுடன் சேர்ந்து டிக்கெட்மாஸ்டர் மீதும் அதன் தாய் நிறுவனமான லைவ் நேஷன் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒருவருக்கு இத்தனை சீட்டு என்னும் வரம்பைத் தரகர்கள் மீறுவதை அறிந்தும் நிறுவனம் இடங்கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. முதல் விற்பனையில் ஒரு கட்டணம், அதே சீட்டைத் தரகர் மறுவிற்பனைக்கு வைக்கும்போது அவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று என மும்முறை அது ஈட்டியது என்றும் ஆணையம் கூறுகின்றது. நிறுவனம் இவற்றை மறுத்துள்ளது. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படுமா என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது குற்றச்சாட்டின் வடிவத்தை. கூட்டரசு அரசாங்கம் மறுவிற்பனையின் பேரில் நடைபாதையை விட்டுச் சீட்டு முகப்பை நோக்கி விரல் நீட்டியுள்ளது. லெப்கோவிட்ஸ் காலத்து உறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அன்று அப்பணம் கணக்கில் வரவில்லை. இன்று குற்றம் சாட்டப்படும் வருவாய் கட்டணம் என்னும் பெயரில் கணக்கேட்டிலேயே இருக்கின்றது.

நியூயார்க் மாநிலத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான சட்டமாக இயற்றப்படவில்லை. காலாவதி நாள் குறிக்கப்பட்டே அது வந்தது. அந்நாள் நெருங்கும்போதெல்லாம் தரகர்கள், அரங்குகள், சந்தை நிறுவனங்கள், நுகர்வோர் அமைப்புகள் எனப் பலரும் ஆல்பனிக்குச் சென்று வாதிட, சட்டமன்றம் சிற்சில திருத்தங்களுடன் மற்றொரு குறுகிய காலத்துக்கு அதனை நீட்டித்து வந்துள்ளது.